கூட்டமில்லாத மலையில் பதினான்கு சீட்டுகள்

பயண முகவர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று சென்ற மாதம் ஓர் அம்மையார் தொலைபேசியில் கேட்டார். "கூட்டமும் இருக்கக் கூடாது, சரிவும் ரொம்பச் செங்குத்தா இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பனிச்சறுக்கு மலைகளை அந்தக் காலத்துல எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க? இப்போ போனைக் கேட்டா அஞ்சு நிமிஷத்துல லிஸ்ட் வந்துடுது" என்றார். பட்டியலை அனுப்பியும் வைத்தார்.

படித்துப் பார்த்தேன். பிழையான பட்டியல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏழாவது இடத்தில் ஒரு மலையின் பெயர் இருந்தது. "அமைதியானது, கூட்டமற்றது, குடும்பங்களுக்கு ஏற்ற மிதமான சரிவுகள் கொண்டது" என்று அதற்குக் கீழே குறிப்பு. ஒவ்வொரு சொல்லும் உண்மை. நானும் அதே சொற்களால்தான் அந்த மலையைப் பதினான்கு பேருக்கு விற்றேன். அங்கேதான் ஒரு மனிதரை நான்கு மணி நேரத்திற்கும் மேலாகத் தொலைத்தேன். ஆட்களின் பெயர்களை மாற்றி அதை எழுதுகிறேன் என்று அம்மையாரிடம் சொன்னேன்.

நான் செந்தூலில் பிறந்தவன். தகப்பனார் இரயில்வே பட்டறையில் வேலை செய்தார். மாலையில் கோயிலில் பதிகம் ஓதுவார்; நானும் அருகில் அமர்ந்து ஓதிப் பழகினேன். பனி என்றால் என்னவென்று அறியாத வயதிலேயே வெள்ளிமலையைப் பாடியவன் நான். பழைய அடியார்கள் ஓர் ஊருக்குப் போனால் இறைவனைப் பாடுமுன் அவ்வூரின் வயலையும் ஆற்றையும் சோலையையும் பாடுவார்கள். இடத்தை முதலில் அறிந்துகொள் என்பதே அதன் பொருள் என்று பின்னாளில் எனக்குப் பட்டது. பள்ளி முடித்ததும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பயண அலுவலகத்தில் டிக்கெட் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் உம்ராவுக்கும் ஆட்களை அனுப்பிக் கொண்டிருந்த அலுவலகம், விமானக் கட்டணம் குறைந்தபோது பனி பார்க்க விரும்பிய குடும்பங்களை வட ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கியது. முப்பத்தொன்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தேன்.

அலுவலகத்தின் உரிமையாளரை நாங்கள் ஹாஜி என்றே அழைப்போம். இராமநாதபுரக் கரையோரத்திலிருந்து வந்த துணி வணிகக் குடும்பம். குரல் உயர்த்தாதவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். அதைக் கண்டால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். முழங்கால் தேய்ந்தவர், ஒரு முறைகூடப் பனியை நேரில் பார்த்ததில்லை. ஆயினும் எங்களில் எவரைக் காட்டிலும் மலைகளை அறிந்தவர். தொலைபேசியிலேயே அறிந்தார்.

நான் முதன்முதலாக ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து அவரிடம் கொண்டுபோனது நன்றாக நினைவிருக்கிறது.

"கூட்டம் இருக்குமான்னு கேட்டேன் ஹாஜி. இருக்காதுன்னு சொன்னாங்க."

"யாரைக் கேட்ட?"

"ஹோட்டல்ல."

கண்ணாடி மேசைக்கு வந்தது. "ரூம் விக்கிறவன் எங்க ஊர்ல நெரிசலா இருக்கு, வராதீங்கன்னு சொல்வானா சிவம்? பூட்ஸ் வாடகைக்கு விடுற கடைக்காரனைப் பிடி. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பொம்பளைங்க சைஸ் பூட்ஸ் எத்தனை ஜோடி அலமாரியில சும்மா கிடக்குதுன்னு கேளு. நிறையக் கிடந்தா மலை காலி லா. இல்லாட்டிக் கியூ."

"சரி ஹாஜி. சரிவு மிதமானதுன்னு…"

"யாருக்கு மிதம்? நடக்கப் பழகுறப்பவே பனியில சறுக்குற அந்த ஊருப் புள்ளைக்கா, கிள்ளான்லேருந்து புடவையோட ஏர்போர்ட்டுக்கு வர்ற நம்ம அக்காவுக்கா?"

அன்று மாலை அவர் ஒரு தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கடைக்காரனாக நடித்தார். நான் வெளி மேசையிலிருந்து அவரைக் கேள்வி கேட்க வேண்டும். மூன்று முறை தொலைபேசியை வைத்துவிட்டார். "நீ கேட்டது கேள்வி இல்ல. 'நல்லா இருக்குமா'ன்னா எல்லாரும் 'நல்லா இருக்கும்'னுதான் சொல்வாங்க. எண்ணி, அளந்து பதில் சொல்ற மாதிரி கேளு."

கேட்க வேண்டியவை இவை. சறுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் நாள் மாணவர்களை எந்தப் பாதைக்கு அழைத்துப் போகிறார்கள்? அந்தப் பாதையின் மிகக் குறுகிய இடத்தில், பனியைச் சமன்படுத்தும் வண்டிகள் இரண்டு ஒன்றை ஒன்று கடக்க முடியுமா? செங்குத்தான பாதை எதுவும் குறுக்கே வந்து சேர்கிறதா? அப்படிச் சேர்ந்தால், கற்றவர்கள் பாய்ந்து வரும் வேகத்தில் நம் ஆள் நடுவில் அகப்படுவார். ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு லிஃப்டின் உச்சியிலிருந்தும் எளிய வழி ஒன்று கீழே இறங்குகிறதா? தவறான லிஃப்டில் ஏறிவிட்டவரும் அழாமல் இறங்க வேண்டும் அல்லவா.

இத்தனையும் கேட்டு, நன்றியும் சொன்ன பிறகு, போகிற போக்கில் நினைவுக்கு வந்ததைப் போல ஹாஜி ஒரு கேள்வி கேட்பார்: "ஆள் குறைஞ்சா எந்த லிஃப்டை நிறுத்துவீங்க?" அதைக் கேட்காமல் அவர் எந்த உரையாடலையும் முடித்து நான் பார்த்ததில்லை. ஆளில்லாத மலையில் அவர்கள் மின்சாரத்தையும் ஊழியரையும் வீணாக்க மாட்டார்கள், எதையாவது நிறுத்துவார்கள், எதை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், அந்த மலைக்குப் பதினான்கு பேரை அழைத்துச் சென்றேன். முந்தைய ஆண்டும் அதே மலைக்கு ஒரு குழுவை அனுப்பியிருந்தோம். பதில்கள் கோப்பில் இருந்தன. முறைப்படி கடைக்காரரை அழைத்தேன். பூட்ஸ் கணக்கைக் கேட்டேன். அலமாரி நிறையக் கிடப்பதாகச் சொன்னார். அவருக்கு ஏதோ அவசரம். கடைசிக் கேள்விக்கு விடை கோப்பிலேயே இருக்கிறதே என்று நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் குழுவில் கிள்ளானைச் சேர்ந்த மாணிக்கம் அண்ணனும் அவர் மனைவி பார்வதி அக்காவும் இருந்தார்கள். அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். திருமண நாளுக்காக மகள் நாட்காட்டியைப் பார்க்காமல் பதிவு செய்து கொடுத்த பயணம் அது. தைப்பூசத்திற்குப் பதினெட்டு நாட்களே இருந்தன. அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து சிகிச்சையில் குணமானபோது, பத்துமலைக்கு மூன்று ஆண்டுகள் காவடி எடுப்பதாக அண்ணன் நேர்ந்துகொண்டிருந்தார். அது மூன்றாம் ஆண்டு. புலால் இல்லை, பகலில் நீராகாரம் மட்டும், மாலையில் விளக்கேற்றிய பின் ஒரே வேளை உணவு. "இங்க இருந்தா என்ன, ஐஸ் மலையில இருந்தா என்ன தம்பி, விரதம் விரதந்தான்" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று. அவர் உண்ணும் ஒரு வேளை உணவையும் நானே சமையலறைக்குப் போய்க் கேட்டுப் பார்த்து, மீன் கலப்பில்லை என்று சொன்ன பிறகுதான் கையை வைப்பார்.

ஆட்களை எண்ணுவதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. காலையில் பூட்ஸ் மாட்டும்போது ஒரு முறை, மாலையில் கழற்றும்போது ஒரு முறை, நடுவில் மதிய உணவின்போது ஒரு முறை. விடுதியில் ஒவ்வொருவருக்கும் அன்றன்றைக்கு ஓர் உணவுச் சீட்டு தருவார்கள். அவற்றை நான் வாங்கிச் சமையலறையில் கொடுப்பேன். பதினான்கு சீட்டு சேர்ந்தால் பதினான்கு பேரும் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள் என்று பொருள். முதல் இரண்டு நாட்களும் அண்ணன் தம் சீட்டைக் கொண்டுவந்து, "இது வேணாம் தம்பி" என்று என் கையில் கொடுத்துவிட்டு, குளித்து நண்பகல் வழிபாடு செய்ய அறைக்குப் போய்விட்டார். ஆக, அவர் உண்ணாவிட்டாலும் நான் அவர் முகத்தைப் பார்த்திருந்தேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. மலையில் எங்களைத் தவிர இருபது பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். இதைத்தானே தேடிக் கண்டுபிடித்தோம் என்று காலையில் எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. பன்னிரண்டரைக்குச் சீட்டுகளை வாங்கினேன். பதினான்கு. சமையலறையில் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்றரை மணிக்குப் பனி பொழியத் தொடங்கிற்று.

இரண்டரை மணியளவில் பார்வதி அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, இவரு ரூம்ல இல்ல."

"குளிக்கப் போயிருப்பார் அக்கா. கீழே வெந்நீர்க் குளியலறை இருக்கே."

"இல்ல தம்பி. துண்டு நனையவே இல்ல. திருநீத்துத் தட்டுல கை வெச்ச மாதிரியும் தெரியல."

பூட்ஸ் உலர்த்தும் அறைக்கு ஓடினேன். ஒவ்வொரு ஜோடிக்கும் எண் உண்டு. அவருடைய எண்ணுக்குரிய கொக்கி காலியாக இருந்தது.

"சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாரே அக்கா! பதினாலு சீட்டு எண்ணினேனே!"

அக்காவின் முகம் வெளுத்தது. "அவரு சீட்டையும் நான்தான் தம்பி குடுத்தேன். ரெண்டு நாளா சாப்பாடு வீணாப் போகுதேன்னு, வெறுஞ்சோறும் காயும் மட்டும் வாங்கி அவருக்குப் பொங்குஸ் பொட்டலம் கட்டி வெச்சேன். விளக்கு வெச்சப்புறம் சாப்பிடட்டும்னு. அவரு எப்பவும் போல மேல சாமி கும்பிடுறாருன்னு நெனைச்சிட்டேன்…"

விடுதியின் முன்கூடத்திலேயே அவருடைய கைப்பேசிக்கு அழைத்தேன். அக்காவின் கைப்பைக்குள்ளிருந்து மணி ஒலித்தது. குளிரில் கெட்டுவிடும் என்று காலையில் அண்ணன்தான் அக்காவிடம் கொடுத்திருந்தாராம். அக்கா அதை வெளியே எடுத்து, ஒலித்துக்கொண்டிருந்ததை அணைக்கத் தெரியாதவர் போல என்னைப் பார்த்தபடி நின்றார்.

மற்றவர்களை விசாரித்தேன். பதினொன்றரை மணிக்கு மலையுச்சியில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அப்படியானால் மூன்று மணி நேரமாகிவிட்டது. முதல் நாள் மாலைக்குப் பிறகு அவர் எதுவும் உண்ணவில்லை. நான்கு மணிக்கு லிஃப்டுகள் நிற்கும். நான்கரைக்கெல்லாம் அந்த நாட்டில் அந்த மாதத்தில் இருட்டத் தொடங்கிவிடும்.

மீட்புக் குழுவின் அறைக்குப் போனேன். கூட்டமில்லாத நாள் என்பதால் அங்கே இரண்டே பேர். ஓர் இளைஞரும், நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவரும். பெண்மணிக்கு ஆங்கிலம் ஓரளவு தெரிந்தது. மலையின் வரைபடத்தை விரித்து, எங்கே தேடலாம் என்று என்னைக் கேட்டார். முதலில் நடுப்பாதை, பிறகு மேற்குப் பாதை என்று அவர் விரல் நகர்ந்தது. இரண்டு பேர் ஒரு மலை முழுவதையும் தேட வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் முக்கால் மணி நேரம். பிறகு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்தேன்.

"ஹாஜி, ஒருத்தரைக் காணோம்."

"எத்தனை மணியிலேருந்து?" குரலில் மாற்றமே இல்லை.

"பதினொண்ணரையிலேருந்து. இங்க இப்போ ரெண்டே முக்கால்."

"சறுக்கிக்கிட்டு எத்தனாவது நாள்? உடம்பு எப்படி?"

"மூணாவது நாள். உடம்பு நல்ல உடம்புதான். ஆனா விரதத்துல இருக்காரு, நேத்து ராத்திரிக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடல."

மேசைமேல் கண்ணாடி வைக்கப்படும் சிறிய ஒலி எனக்குக் கேட்டதா, நானாகக் கற்பித்துக்கொண்டேனா, தெரியவில்லை.

"இன்னிக்கு எந்த லிஃப்ட் ஓடல?"

நான் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் வரைபடத்தின் வலது ஓரத்தைத் தொட்டார். கிழக்கு லிஃப்ட். இந்தப் பருவம் முதல் வாரநாட்களில் அதை ஓட்டுவதில்லை என்றார்.

"கிழக்கு, ஹாஜி. வாரநாள்ல நிறுத்திட்டாங்களாம்."

"அங்க இறங்குற பாதை லேசான பாதையா?"

"ஆமா." அந்தப் பாதையைத்தான் நான் எல்லோருடைய வரைபடத்திலும் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்திருந்தேன். வெண்பட்டை மரங்களுக்கு நடுவே நீண்டு, அகன்று, பதமாக இறங்கும் வழி. மூன்றாம் நாள் யாரும் தைரியமாகப் போகலாம் என்று சொல்லியிருந்தேன்.

"அப்போ அந்த லிஃப்டோட அடியில போய்ப் பாருங்க. இறங்கினவரு அங்கதான் உக்காந்திருப்பாரு, இப்போ ஓடும், அப்புறம் ஓடும்னு. நம்ம ஆளுங்க சாமானியமா இடத்தை விட்டு நகர மாட்டாங்க சிவம், கவுண்டர் திறக்கும்னு நாள் பூராக் காத்துக் கெடப்பாங்க. போ. போனை வை."

கடைசிக் கேள்வியை நீ கேட்டாயா என்று அவர் கேட்கவில்லை.

கிழக்குப் பாதையை யாரும் மூடியிருக்கவில்லை. தேர்ந்தவர்கள் அதில் இறங்கி, அடிவாரத்துச் சமதளத்தில் கோலூன்றித் தள்ளிக்கொண்டே ஒன்றரைக் கிலோமீட்டர் கடந்து விடுதிக்கு வந்துவிடுவார்களாம். அண்ணனைப் போன்றவருக்கு இறங்கும் வழி திறந்திருந்தது, திரும்பும் வழி அடைபட்டிருந்தது. உச்சியில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு; அது ஜப்பானிய மொழியில் இருந்தது.

மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் பனிவண்டியின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார் அந்தப் பெண்மணி. காற்று பனித்துகளை முகத்தில் அறைந்தது. மரங்கள் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. துன்பம் வரும்போது என் நாவில் பதிகம் தானாக வரும். ஐம்பது ஆண்டுப் பழக்கம். அன்று ஓர் அடிகூட வரவில்லை. பதினான்கு, பதினான்கு என்று எண் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. எண்ணி முடித்துவிட்டு நான் உட்கார்ந்து சாப்பிட்டேனே, அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

லிஃப்டின் அடிவாரக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதன் இறவாரத்துக்குக் கீழே, சறுக்குப் பலகைகள் இரண்டையும் பனியில் நட்டு வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார் மாணிக்கம் அண்ணன். கொட்டகையிலிருந்து ஒரு பள்ளம் பள்ளமான தடம் சிறிது தொலைவு போய், அதே வழியில் திரும்பி வந்திருந்தது. நடக்க முயன்றிருக்கிறார், தொடை வரை புதைந்ததும் திரும்பிவிட்டிருக்கிறார். மீசையிலும் புருவத்திலும் பனி. நெற்றியில் காலையில் இட்ட திருநீறு அப்படியே இருந்தது.

"அண்ணே!"

கண்ணைத் திறந்தார். உதடுகள் ஒத்துழைக்கவில்லை. "லிஃப்ட்… எப்பத் தம்பி… திறப்பாங்க?"

பெண்மணி அவருடைய கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தார். கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். அவருடைய பெயரைக் கேள், என்ன கிழமை என்று கேள் என்றார். பெயரைச் சொன்னார். கிழமை சொல்ல நேரமாயிற்று. உடல் முழுவதும் அலைபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் இருக்கும்வரை நல்லது, நின்றால்தான் ஆபத்து, இழுவைப் பலகையில் கட்டி இழுக்குமுன் சூடாக ஏதாவது உள்ளே போக வேண்டும் என்றார் பெண்மணி. என் சட்டைப்பையில் சாக்லேட் இருந்தது. எடுத்தேன், ஆனால் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன, கடிக்க முடியாது என்று தெரிந்தது. பெண்மணி தம் குடுவையைத் திறந்து மூடியில் ஊற்றினார். ஆவி எழுந்தது. அது வெந்நீர் அல்ல. விடுதியில் காலையும் மாலையும் வைக்கும் சாறு. மீனை உலர்த்திச் சீவி அதில் இறக்கியது. மூன்று நாட்களாக நானே அவர் முன்னாலிருந்து அப்புறப்படுத்திய சாறு.

"வேற இருக்கா? வெறும் வெந்நீர்?" என்று பெண்மணியைக் கேட்டேன்.

"இது ஒன்றுதான். சீக்கிரம்."

மூடியை அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த நிலையிலும் பிடியில் பலம் இருந்தது.

"தம்பி. இதுல… மீனு கீனு…?"

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மூன்று நாட்களாக ஒவ்வொரு மாலையும் உணவு மேசையில் பார்த்திருக்கிறேன். நான் சொன்னால் உண்பார்; இல்லையென்றால் தள்ளி வைப்பார். அந்த விரதம் அவருக்காக அன்று. மனைவியின் உயிருக்கு அவர் கொடுத்த வாக்கு. அதைக் காக்கும் பொறுப்பை முழுமையாக என் நாவிடம் ஒப்படைத்திருந்தார். நானும் கோயில் வாசலில் வளர்ந்தவன். நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இல்லண்ணே. வெறும் காய்கறித் தண்ணி. குடிங்க" என்றேன்.

குடித்தார். மூன்று மூடி குடித்தார். மூன்றாவதை அவரே கையில் வாங்கிக்கொண்டார்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு விடுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். ஊர் மருத்துவர் வந்து பார்த்தார். இடக்காலில் இரண்டு விரல்நுனிகள் நிறம் மாறியிருந்தன. வெதுவெதுப்பான நீரில் வைக்க, ஒரு மணி நேரத்தில் செம்மை திரும்பிற்று. விளக்கு வைத்த பிறகு, அக்கா கட்டிவைத்த சோற்றை அண்ணன் உண்டார். மற்ற பன்னிரண்டு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, "அங்கிள், லிஃப்டுக்குக் கியூ நின்னீங்களாமே, டோக்கன் குடுத்தாங்களா?" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பியதும் ஹாஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிக் கேள்வியைக் கேட்காததை முதலில் சொன்னேன். "தெரியும். கேட்டிருந்தா என்கிட்டப் போன் வந்திருக்காது" என்றார். சீட்டுகளை எண்ணியதைச் சொன்னேன். "இனிமே முகத்தை எண்ணு. காகிதத்தை எண்ணாதே." பிறகு சாற்றைப் பற்றிச் சொன்னேன். அதுவரை கையில் வைத்திருந்த கண்ணாடியை மேசைமேல் வைக்காமல் போட்டுக்கொண்டார்.

"உயிர் போற நேரத்துல எங்களுக்கு அனுமதி உண்டு சிவம். உங்க சட்டம் என்னன்னு உனக்குத்தான் தெரியும். குடுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா, நம்மை நம்பி வர்றவன் ரெண்டு விஷயத்துக்குத்தான் நம்மை நம்புறான். ஒண்ணு பாதை. இன்னொண்ணு தட்டு. ரெண்டுலயும் அந்த மனுஷன்கிட்ட நீ சரியா நடந்துக்கல. காவடி தூக்குறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிடு."

தைப்பூசத்துக்கு நான்கு நாட்கள் இருக்கையில் கிள்ளானுக்குப் போனேன். கொமுட்டர் இரயிலில் முழு வழியும் நின்றுகொண்டே சென்றேன். அண்ணன் வீட்டு முற்றத்தில் காவடியின் வளைவுக்கு மயிற்பீலி கட்டிக்கொண்டிருந்தார். மடியில் மஞ்சள் துணி. காலில் செருப்பில்லை; விரல்கள் நன்றாக இருந்தன.

"வாங்க தம்பி, வாங்க! பனிக்குக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? நான் வரல சாமி!"

அக்கா உள்ளே தேநீர் போடப் போனார். நான் அமரவில்லை. நின்றபடியே சொன்னேன். அன்று குடுவையில் இருந்தது காய்கறித் தண்ணீர் அல்ல, மீன்சாறு, தெரிந்தேதான் கொடுத்தேன், பொய் சொன்னேன். பரிகாரம் என்னவாயினும் நான் செய்கிறேன்.

அவர் கை நின்றது. ஒரு பீலியை எடுத்து, அதன் காம்பை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"துறைமுகத்துல முப்பது வருஷம் தம்பி. மீன் நாத்தம் எனக்குத் தெரியாதா?"

பீலியை மடியில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மூடியைக் கிட்டக் கொண்டுவந்தப்பவே தெரிஞ்சிடுச்சு. குடிக்காட்டிச் செத்துடுவேன்னும் தெரிஞ்சது. நான் செத்துட்டா இவளுக்கு யாரு? தெரிஞ்சே குடிச்சா நேர்த்திக்கடன் போச்சு. எதையும் என்னால முடிவு பண்ண முடியல. அதான் உங்களைக் கேட்டேன். நீங்க இல்லைன்னீங்க. குடிச்சேன்."

"அப்படின்னா, காவடி…?"

"எடுக்கிறேன். முருகன்கிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிக்கிறேன். அவரு என்ன வேணாலும் பண்ணட்டும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்த மூணாவது வருஷம் பங்கமாயிடுச்சுன்னு தெரிஞ்சா, ஒவ்வொரு தடவை செக்கப் போறப்பவும் செத்துச் செத்துப் பொழைப்பா. அடுத்த மாசம் ஸ்கேன் இருக்கு."

அதற்குள் அக்கா தட்டுடன் வந்துவிட்டார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசுறீங்க?" என்று சிரித்துவிட்டு, தேநீரை என்னிடம் நீட்டினார். "தம்பி, உங்களைப் பார்த்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்தக் குளிர்லயும் இவரு விரதத்துக்குப் பங்கம் வராமப் பார்த்துக்கிட்டீங்க. இவரு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. காய்கறித் தண்ணிதானே குடுத்தீங்க?"

அண்ணன் குனிந்து பீலியைக் கட்டத் தொடங்கினார்.

"ஆமாக்கா" என்றேன்.

முதல் பொய்க்குப் பனியைக் காரணம் காட்டலாம். இரண்டாவதைச் சொன்னபோது கிள்ளானில் நல்ல வெயில்.